ஜேம்ஸ்டவுன், ஷடாக்வா கவுண்டி பிரபலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நயாகரா பார்க்க வருகிற சொந்தபந்தங்களை, இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், தெற்கே ஜேம்ஸ்டவுன் பக்கம் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பஃபலோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். போகிற வழியெல்லாம் கேள்விகள், அதுவும் பெரும்பாலும் அதே கேள்விகள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து கை வலித்ததால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஜேம்ஸ்டவுன்னா 1607-ல வெள்ளைக்காரங்க முதல்ல வந்து குடியேறின ஊர்தானே? ஸ்கூல்ல படிச்சிருக்கோமே.

அது வர்ஜீனியாவில் இருக்கிற ஜேம்ஸ்டவுன். நார்த் டகோட்டாவிலும் ஒரு ஜேம்ஸ்டவுன் உண்டு. நான் சொல்வது நியூயார்க் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். நியூயார்க் என்றதும் மன்ஹாட்டன் பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கிருந்து வர ஆறு ஏழு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரெண்டர்காஸ்ட் என்பவர் ஆற்றோரம் மில் போட்டு உருவாக்கிய ஊர். அப்புறம் ஸ்வீடனிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து மர ஃபர்னிச்சர் தொழிலைப் பெரிதாக்கினார்கள். ஒரு காலத்தில் நாடு முழுவதும் இங்கே செய்த மேஜை நாற்காலி போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 28,700, ஷடாக்வா கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) முழுவதும் சேர்த்து 1.27 லட்சம். நம்ம பக்கத்தில் ஒரு தாலுகாவுக்குக்கூடக் காணாது.

ஏரிக்கரை ஊர்னு சொல்றீங்க, எந்த ஏரி? ஈரி ஏரியா?

கவுண்டியின் வடக்கு விளிம்பில் ஈரி ஏரி இருக்கிறது, ஆனால் ஜேம்ஸ்டவுன் இருப்பது ஷடாக்வா ஏரியின் தென்கோடியில். ஏரியின் நீளம் சுமார் 27 கிலோமீட்டர். வடகோடியில் மேவில் என்ற சின்ன ஊர் இருக்கிறது, கவுண்டியின் தலைநகரம் அதுதான், கோர்ட்டும் அங்கேதான். இந்த இரண்டு முனைகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இந்த ஏரியின் வடகோடியிலிருந்து ஈரி ஏரி பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் தண்ணீர் அந்தப் பக்கம் போவதில்லை. தெற்கே ஜேம்ஸ்டவுன் வழியாக இறங்கி, அலிகெனி, ஒஹாயோ, மிசிசிப்பி என்று சுற்றி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது.

யாரை இந்த ஊர்க்காரர்னு கணக்குல எடுக்கிறீங்க? அங்க பொறந்தா போதுமா?

போதாது என்பதுதான் என் கட்சி. பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருவரை ஊர்க்காரர் என்று கொண்டாடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஆனால் அந்த ஊர் அந்த ஆளை என்ன செய்தது என்று கேட்டால் பல பேர் பட்டியலிலிருந்து கழன்றுவிடுவார்கள். இங்கே பிறக்காமலே முழு ஊர்க்காரர் ஆனவர்களும் இருக்கிறார்கள். நூரெம்பர்க்கில் நாஜிகளுக்கு எதிராக வாதாடிய ராபர்ட் ஜாக்சன் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில். அவரைவிட ஜேம்ஸ்டவுன்காரர் யாரும் கிடையாது.

அதனால் கீழே வருகிறவர்களில் யார் பிறந்தார், யார் வளர்ந்தார், யார் வந்து சேர்ந்தார் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

லூசில் பால் அவ்ளோ பெரிய ஆளா? நம்ம மனோரமா மாதிரின்னு சொல்லலாமா?

சிரிக்க வைக்கிற திறமைக்குச் சொல்லலாம். ஆனால் மனோரமா ஸ்டூடியோ முதலாளி ஆகவில்லை, இவர் ஆனார்.

அமெரிக்க டிவியின் நகைச்சுவை நடிகை, 1911 ஆகஸ்ட் 6-ல் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். அப்பா டெலிபோன் லைன்மேன், லூசிக்கு மூன்று வயதாக இருந்தபோது டைஃபாய்டில் இறந்துவிட்டார். தாத்தா வீட்டில், ஏரிக்கரையில் ஜேம்ஸ்டவுனை ஒட்டியிருக்கிற செலரான் கிராமத்தில் வளர்ந்தார். அங்கே அந்தக் காலத்தில் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது, நாடகக் கம்பெனிகள் வரும், தாத்தா கூட்டிக்கொண்டு போவார். 1927-ல் அந்த வீட்டுப் பின்புறம் பிள்ளைகள் துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பட்டு, அவனுக்கு நடக்க முடியாமல் போய்விட்டது. பொறுப்பில் இருந்தவர் தாத்தா என்று வழக்கு நடந்து, வீடு கையை விட்டுப் போனது. லூசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூங்காவைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். பணத்தை விட்டுவிடக் கூடாது என்பதில் பிற்பாடு அவர் காட்டிய பிடிவாதத்துக்கு இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது என் ஊகம்.

1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 1953 ஜனவரி 19-ல் கதையில் லூசிக்குக் குழந்தை பிறக்கும் எபிசோடை சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள், அதே நாளில்தான் நிஜத்திலும் அவருக்கு மகன் பிறந்தான். அந்தத் தொடரில் வரும் லூசி பாத்திரத்துக்கும் சொந்த ஊர் ஜேம்ஸ்டவுன்தான்.

'ஸ்டார் ட்ரெக்' வந்ததே லூசியாலதான்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. உண்மையா, அடிச்சு விடுறாங்களா?

பெரும்பாலும் உண்மை. லூசியும் கணவர் டெசி ஆர்னாஸும் சேர்ந்து நடத்திய கம்பெனி டெசிலு. டிவி நிகழ்ச்சிகளை அப்போது நேரலையாக நடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவர்கள் பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராக்களில், நல்ல 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். பிரிண்ட் இருந்ததால் மறுஒளிபரப்பு, மறுஒளிபரப்பால் பணம், பணத்தால் ஸ்டூடியோ. 1960-ல் விவாகரத்து, 1962-ல் ஆர்னாஸின் பங்கையும் லூசியே வாங்கிவிட்டார்.

ஸ்டார் ட்ரெக் அந்த டெசிலுவில் உருவானது. முதல் பைலட்டை, அதாவது மாதிரி எபிசோடை, என்பிசி டிவி நிறுவனம் வேண்டாம் என்றது, இரண்டாவது பைலட் எடுக்க வேண்டியிருந்தது, செலவைப் பார்த்துக் கம்பெனி நிர்வாகிகள் தயங்கினார்கள், லூசி விடவில்லை. 1966-ல் தொடர் வந்தது. கதை, பாத்திரம், விண்கலம் எல்லாம் அவருடைய கற்பனை என்கிற அளவுக்குச் சிலர் போகிறார்கள், அது அதிகப்படி. அவர் கொடுத்தது காசும் தலைமையும்.

பார்த்தாலே பயமா ஒரு லூசி சிலை இருக்காமே, அது எங்க?

செலரானில், ஏரிக்கரைப் பூங்காவில். 2009-ல் வைத்த வெண்கலச் சிலை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் டானிக் பாட்டில், கண்ணும் பல்லும் பார்க்கிற யாருக்கும் தூக்கம் வராது. ஐந்தாறு வருடம் உள்ளூரில் முணுமுணுப்போடு போய்க்கொண்டிருந்தது, 2015-ல் இணையத்தில் பரவி ஊரே சிரித்தது. 2016 ஆகஸ்ட் 6, அவருடைய பிறந்தநாளன்று, வேறொரு சிற்பி செய்த லட்சணமான புதுச் சிலை வந்தது.

பழையதை உருக்கிவிடவில்லை, அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார்கள். அதுதான் சரி. கூட்டிக்கொண்டு போனவர்களில் புதுச் சிலையோடு படம் எடுத்தவர்களைவிடப் பழையதோடு எடுத்தவர்களே அதிகம்.

நூரெம்பர்க்ல நாஜிகளுக்கு எதிரா வாதாடின வக்கீல் இந்த ஊரா?

ஆமாம், ராபர்ட் ஜாக்சன். என்னைக் கேட்டால் இந்தக் கவுண்டியின் முதல் ஆள் இவர்தான், லூசி இரண்டாவது.

1892-ல் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் பிறந்தார், சின்ன வயதிலேயே குடும்பம் எல்லை தாண்டி ஜேம்ஸ்டவுனுக்குத் தெற்கே ஃப்ரூஸ்பர்க் கிராமத்துக்கு வந்துவிட்டது. உள்ளூர்ப் பள்ளி, அப்புறம் ஜேம்ஸ்டவுன் பள்ளியில் ஒரு வருடம், அதற்கப்புறம் ஊர் வக்கீல் ஒருவர் அலுவலகத்தில் ஜூனியர். சுமார் இருபது வருடம் ஜேம்ஸ்டவுனில்தான் பிராக்டிஸ். 1934-ல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வாஷிங்டனுக்குக் கூப்பிட்டது. சொலிசிட்டர் ஜெனரல், அட்டர்னி ஜெனரல் என்று ஏறி 1941-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

1945-ல் நீதிபதி பதவியில் இருந்தபடியே ஜெர்மனிக்குப் போய், நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பர்க் வழக்கில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக நின்றார். நவம்பர் 21-ல் அவர் பேசிய தொடக்க உரை இன்றும் சட்டக் கல்லூரிகளில் வாசிக்கப்படுகிறது. ஜெயித்தவர்கள் பழிவாங்கும் கையைத் தாங்களே அடக்கிக்கொண்டு எதிரிகளைச் சட்டத்தின் முன் நிறுத்துகிறார்கள் என்பது அதன் சாரம். தோற்றவர்களை வரிசையில் நிற்க வைத்துச் சுட்டுவிடலாம் என்று பெரிய பெரிய தலைவர்களே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அவருக்கு சட்டப் பட்டமே கிடையாதாமே? அப்புறம் எப்படி சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்?

அந்தக் காலத்தில் வக்கீல் அலுவலகத்தில் வேலை கற்றுக்கொண்டு பார் தேர்வு எழுதினால் போதும். ஜாக்சன் ஆல்பனி சட்டக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தார், அவ்வளவுதான். இளங்கலைப் பட்டமும் இல்லை. சட்டப் பட்டம் இல்லாமல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர்களில் கடைசி ஆள் அவர்.

இதைச் சொன்னதும் கூட வந்த மாமா ஒருவர், பின் சீட்டில் இருந்த பையனைப் பார்த்து, 'இதைக் கேட்டுட்டு நீயும் காலேஜுக்குப் போகமாட்டேன்னு சொல்லிடாதே' என்றார். நியாயமான எச்சரிக்கைதான். ஜாக்சனின் தீர்ப்புகளைப் படித்தால் அந்த மனிதர் எவ்வளவு வாசித்திருப்பார் என்று தெரியும். அமெரிக்க நீதிபதிகளில் அவ்வளவு அழகாக எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

கோரிங்கை குறுக்கு விசாரணை பண்ணும்போது ஜாக்சன் திணறிட்டார்னு படிச்சேன். அது சரியா?

சரிதான், மறைக்க வேண்டியதில்லை. 1946 மார்ச்சில் நாஜித் தலைவன் ஹெர்மன் கோரிங் கூண்டில் ஏறியபோது ஒவ்வொரு கேள்விக்கும் நீள நீளமாகச் சொற்பொழிவு ஆற்றினான், நீதிபதிகள் தடுக்கவில்லை, ஜாக்சன் பொறுமை இழந்தார். அவருக்குப் பின் வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப்தான் கோரிங்கை மடக்கினார்.

ஆனால் அந்த வழக்கு வாய்ச்சாட்சியை நம்பி நிற்கவில்லை. நாஜிகளின் சொந்த ஆவணங்களை வைத்தே அவர்களைக் குற்றவாளிகளாக்குவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தவர் ஜாக்சன், அந்த முடிவுதான் ஜெயித்தது. தீர்ப்பில் பன்னிரண்டு பேருக்குத் தூக்கு, மூன்று பேர் விடுதலை. மூன்று பேரை விட்டார்கள் என்பதையே அது வெறும் நாடகம் இல்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ஜாக்சன் எழுதின தீர்ப்புல இந்தியாவுக்கு சம்பந்தம் இருக்கிறது ஏதாவது உண்டா?

உண்டு. 1943-ல் வெஸ்ட் வர்ஜீனியா கல்வி வாரியத்துக்கு எதிரான பார்னெட் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் சபைப் பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்ததற்காக வெளியே அனுப்பப்பட்டார்கள். போர் உச்சத்தில் இருந்த நேரம், தேசபக்தி கொதிநிலையில் இருந்த நேரம். அப்போது ஜாக்சன் எழுதினார்: அரசியலிலோ மதத்திலோ தேசியத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, அதை வாயால் ஒப்புக்கொள் என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இங்கே நடந்ததைப் போலவே 1985-ல் கேரளாவில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை, பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் பார்னெட் வழக்கை எடுத்துப் பேசியிருக்கிறார்.

பறவை பார்க்கிறவங்க எல்லாம் பீட்டர்சன் பீட்டர்சன்னு சொல்றாங்களே, யார் அவர்?

ரோஜர் டோரி பீட்டர்சன், 1908-ல் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். அப்பா ஸ்வீடன் வம்சம், சின்னப் பையனாகவே மில் வேலைக்குப் போனவர். ஏழாம் வகுப்பில் பிளான்ஷ் ஹார்ன்பெக் என்ற ஆசிரியை பள்ளியில் பறவைச் சங்கம் நடத்தினார், பையன் அதில் சேர்ந்தான். பதினோரு வயதில் ஒரு மரத்தடியில் இறகுப் பொட்டலம் மாதிரி கிடந்த மரங்கொத்தியைச் செத்துப்போச்சு என்று நினைத்துத் தொட்டான். தூங்கிக்கொண்டிருந்த பறவை சடாரென்று விழித்து, இறக்கையின் அடிப்பக்கத்து மஞ்சள் நிறம் பளிச்சிட, பறந்து போனது. வாழ்நாள் முழுக்க எந்தப் பேட்டியில் கேட்டாலும் அவர் இதைத்தான் சொல்வார்.

பள்ளி முடித்ததும் பார்த்த வேலை, உள்ளூர் ஃபர்னிச்சர் கம்பெனியில் சீன பாணி அலமாரிகளுக்குப் படம் வரைவது. அங்கே இருந்த மேலாளர்தான் இவனுக்கு இந்த வேலை போதாது, ஓவியப் பள்ளிக்குப் போகட்டும் என்று தள்ளினார். 1934-ல் பறவைக் கையேடு வெளிவந்தது. நான்கு பதிப்பாளர்கள் வேண்டாம் என்று சொன்ன புத்தகம், முதலில் அச்சடித்த 2,000 பிரதிகள் ஒரு வாரத்தில் தீர்ந்தன.

அதில் அவர் செய்தது ரொம்ப எளிய காரியம். பறவையை ஒரேமாதிரி நிலையில் வரைந்து, எதை வைத்து அடையாளம் காண வேண்டுமோ அந்த இடத்துக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினார். வால் ஓரத்து வெள்ளையா, கண்ணுக்கு மேல் பட்டையா, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் பறவையைச் சுட்டுக் கையில் வைத்துப் பார்க்கிற வழக்கமே இருந்தது. இன்று உலகத்தில் எந்த மொழியில் பறவைக் கையேடு வந்தாலும் அந்தக் கோடு எங்கேயாவது இருக்கும்.

லிங்கனுக்கு தாடி வைக்கச் சொல்லி லெட்டர் போட்ட குட்டிப் பொண்ணு இந்த ஊரா?

ஜேம்ஸ்டவுன் இல்லை, கவுண்டியின் வடபக்கம், ஈரி ஏரி ஓரத்து வெஸ்ட்ஃபீல்ட். அங்கேயும் அவள் பிறக்கவில்லை, அப்போது குடியிருந்தாள். க்ரேஸ் பெடல், வயது 11. 1860 அக்டோபர் 15-ல் லிங்கனுக்கு எழுதினாள்: முகம் ரொம்ப ஒல்லியாக இருக்கிறது, தாடி வைத்தால் நன்றாக இருக்கும், பெண்களுக்குத் தாடி பிடிக்கும், புருஷன்மாரை நச்சரித்து உங்களுக்கு ஓட்டுப் போட வைப்பார்கள், என் அண்ணன்மாரையும் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டுரிமை இல்லாதவர்கள் ஓட்டை எப்படித் திருப்புவார்கள் என்பதை ஒரு சின்னப் பெண் எவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறாள்.

நான்கே நாளில் லிங்கன் பதில் போட்டார். இதுவரை வைத்ததில்லை, இப்போது வைத்தால் வேஷம் என்று நினைக்க மாட்டார்களா என்று நழுவினார். ஆனால் வைத்தார். 1861 பிப்ரவரி 16-ல் பதவியேற்கப் போகும் வழியில் ரயில் வெஸ்ட்ஃபீல்டில் நின்றபோது, தாடியோடு இறங்கி, கூட்டத்தில் அவளைத் தேடி முத்தம் கொடுத்தார். இப்போது அங்கே இரண்டு பேருக்கும் சிலை இருக்கிறது. லிங்கனின் வெளியுறவு அமைச்சராகி, பின்னால் அலாஸ்காவை வாங்கிய வில்லியம் சூவர்ட், 1830-களில் இதே வெஸ்ட்ஃபீல்டில் நில அலுவலக ஏஜெண்டாக இருந்தவர்.

புல்மன் ரயில் பெட்டி புல்மன்? அவரும் இங்கதான் பொறந்தாராமே.

பிறந்தார், 1831-ல், ப்ராக்டன் என்ற சிற்றூரில். முதலில் சொன்ன என் கணக்குப்படி இவர் தேற மாட்டார். பையனாக வெஸ்ட்ஃபீல்டில் மாமா கடையில் வேலை பார்த்ததோடு சரி, செய்ததெல்லாம் சிகாகோவில்.

தூங்கும் வசதி உள்ள ரயில் பெட்டியால் பணக்காரரானார், தொழிலாளர்களுக்குத் தன் பெயரிலேயே ஊர் கட்டினார். பின்பு கூலியைக் குறைத்துவிட்டு வீட்டு வாடகையைக் குறைக்காமல் விட்டதால் 1894-ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது, ராணுவம் வந்தது. 1897-ல் இறந்தபோது, கோபத்தில் யாராவது தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, சவப்பெட்டிக்கு மேல் கான்கிரீட் கொட்டித் தண்டவாள இரும்பு போட்டு மூடினார்கள்.

மார்க் ட்வைன் ஃப்ரெடோனியாவுல இருந்தார்னு ஒருத்தர் சொன்னார். லிஸ்ட்ல ஏன் இல்ல?

அவர் இருக்கவில்லை, அவர் அம்மாவும் அக்காவும் 1870-ல் இந்தக் கவுண்டியில் இருக்கிற அந்த ஊருக்கு வந்து குடியேறினார்கள். அவர் அப்போது பஃபலோவில் இருந்தார், வந்து போவார். அக்காள் மகளைக் கட்டிய சார்லஸ் வெப்ஸ்டர் ஃப்ரெடோனியாக்காரர், ட்வைனின் பதிப்பகத்தை நடத்தியவர், கடைசியில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

அந்த வெப்ஸ்டரின் மகள்தான் ஜீன் வெப்ஸ்டர், 1876-ல் ஃப்ரெடோனியாவில் பிறந்தவர், 1912-ல் 'டாடி லாங் லெக்ஸ்' நாவலை எழுதியவர். ட்வைனைத் தேடிப் போகிறவர்கள் இவரைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எழுத்தாளர் என்றால் இன்னொருவர், பக்கத்து டன்கிர்க்கில் 1871-ல் பிறந்த சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ். 1905-ல் போலி மருந்து வியாபாரத்தை அம்பலப்படுத்தி அவர் எழுதிய கட்டுரைத் தொடர், அடுத்த வருடமே உணவு, மருந்துச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். அவருடைய பஸ் பயணச் சிறுகதை ஒன்றுதான் 1934-ல் ஐந்து ஆஸ்கர் வாங்கிய 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படமானது. அந்தப் படத்தைத் தழுவி 1956-ல் நம்ம ஏவிஎம், ராஜ் கபூரையும் நர்கிஸையும் வைத்து இந்தியில் 'சோரி சோரி' எடுத்தது. டன்கிர்க்கிலிருந்து வடபழனிக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது.

பாட்டு, விளையாட்டு, இந்தக் காலத்து ஆட்கள் யாரும் இல்லையா?

பாடகி நாடலி மெர்ச்சன்ட் 1963-ல் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர், 1981-ல் அங்கேயே உருவான '10,000 மேனியாக்ஸ்' குழுவில் பதின்வயதிலேயே சேர்ந்து 1993 வரை பாடினார். அமெரிக்கக் கால்பந்து லீகின் கமிஷனர் ரோஜர் குடெல் பிறந்ததும் இங்கேதான். அவர் அப்பா சார்லஸ் குடெல், ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட பின் அவர் இடத்துக்கு செனட்டராக நியமிக்கப்பட்டு, சொந்தக் கட்சியையே எதிர்த்து வியட்நாம் போரை நிறுத்தச் சொன்னவர். 1970 தேர்தலில் தோற்றார். மகனைவிட அப்பா சுவாரஸ்யமானவர். 'மார்மடியூக்' நாய் கார்ட்டூன் வரைந்த பிராட் ஆண்டர்சனும் ஜேம்ஸ்டவுன் பிறப்பு.

சல்மான் ருஷ்டியைக் குத்தினது இந்த ஏரிக்கரையிலதானே?

ஆமாம், 2022 ஆகஸ்ட் 12-ல், ஷடாக்வா இன்ஸ்டிடியூஷன் மேடையில். உயிருக்கு ஆபத்தில் இருக்கும் எழுத்தாளர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைப் பற்றிப் பேச வந்திருந்தார். வலது கண் பார்வை போய்விட்டது. 2025 பிப்ரவரியில் மேவில் கோர்ட்டில் குத்தியவன் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மே மாதம் 25 வருடத் தண்டனை கிடைத்தது.

அந்த இன்ஸ்டிடியூஷன் 1874-ல் லூயிஸ் மில்லர், ஜான் ஹெயில் வின்சென்ட் என்ற இருவர் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கோடை முகாம். பிறகு சொற்பொழிவு, இசை, நாடகம் என்று வளர்ந்துவிட்டது. மில்லரின் மகளைத்தான் எடிசன் இரண்டாம் தாரமாகக் கட்டினார். 1936-ல் ரூஸ்வெல்ட் போரை வெறுக்கிறேன் என்று பேசிய புகழ்பெற்ற உரையும் அங்கேதான். மேடையேறியவர்களை எல்லாம் சேர்த்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது, அதனால் சேர்க்கவில்லை.

ஒரே நாள்ல போனா எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

வயதானவர்கள் கூட இருந்தால் காலையில் ஜாக்சன் மையம், மதியம் தேசிய நகைச்சுவை மையம், மாலை செலரான் பூங்கா. குழந்தைகள் இருந்தால் பீட்டர்சன் நிறுவனத்தில் தொடங்குங்கள், சுற்றி மரங்களும் நடைபாதையும் இருக்கின்றன. லூசியின் அஸ்தி 2002-ல் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு ஊர்க் கல்லறையான லேக் வியூவில், அம்மா வீட்டார் பக்கத்தில் இருக்கிறது. ஜாக்சனின் கல்லறை ஃப்ரூஸ்பர்க்கில்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஏரிப் பனி எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, அந்த மாதங்களில் என்னைக் கூப்பிடாதீர்கள்.

எல்லாம் வெள்ளைக்காரங்களாவே இருக்காங்களே. கறுப்பின மக்கள் வரலாறு இந்தப் பக்கம் இல்லையா?

இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி கனடாவுக்குப் போகிறவர்களுக்கு ஜேம்ஸ்டவுன் ஒரு தங்குமிடம். கேத்தரின் ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டிலேயே அவர்களை ஒளித்து வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார். பிடிபட்டால் வெள்ளை ஆதரவாளருக்கு அபராதமும் சிறையும், இவருக்கு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவர் வெள்ளையர், ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் இல்லாமல் பதில் முடியாது. ஆல்பியன் டூர்ஜே. ஒஹாயோவில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர், போருக்குப் பின் வட கரோலினாவில் நீதிபதியாக இருந்து கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை எதிர்த்தவர். 1881-ல் மேவிலில் வீடு வாங்கிக் குடியேறினார். ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி என்று லூசியானா 1890-ல் சட்டம் போட்டபோது, அதை எதிர்த்த நியூ ஆர்லியன்ஸ் குழு இவரைத் தேடி வந்தது. காசு வாங்காமல் வழக்கை எடுத்தார். பார்த்தால் வெள்ளையர் போலவே தெரிகிற ஒருவரைப் பெட்டியில் ஏற்றி, நிறம் என்பதை யார் எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வியையே கோர்ட்டுக்குக் கொண்டுபோவது என்ற யோசனை மேவிலிலிருந்து கடிதம் கடிதமாகப் போனது. அப்படி ஏறியவர்தான் ஹோமர் ப்ளெஸ்ஸி.

1896 மே 18-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கொள்கை அரை நூற்றாண்டுக்கும் மேல் உட்கார்ந்துகொண்டது.

அந்தத் தீர்ப்பை மாத்தினப்போ ஜாக்சன் கோர்ட்ல இருந்தாரே, அவர் எந்தப் பக்கம்?

மாற்றிய பக்கம். 1954 மே 17, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற ப்ரவுன் வழக்கு, ஒன்பது பேரும் ஒரே தீர்ப்பு. ப்ளெஸ்ஸியிலிருந்து ஒரு நாள் குறைய 58 வருடம். ஏரியின் வடமுனையில் இருந்தவர் தோற்ற வழக்கை, தென்முனையில் இருந்தவர் உட்கார்ந்திருந்த நீதிமன்றம் திருத்தியது. ஜாக்சனுக்கு அந்த மார்ச் கடைசியில்தான் மாரடைப்பு வந்திருந்தது. தலைமை நீதிபதி வாரன் வரைவை மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுத்தார். தீர்ப்பு வாசிக்கும் நாளில் ஒன்பது பேரும் மேடையில் தெரிய வேண்டும் என்று ஜாக்சன் மருத்துவமனையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தார். அக்டோபரில் இறந்துவிட்டார்.

ஆனா ப்ளெஸ்ஸி தீர்ப்பு சரின்னு ஜாக்சன் ஆபீஸ்லேர்ந்தே ஒரு குறிப்பு இருக்காமே?

இருக்கிறது, அதுதான் சிக்கல். 1952-ல் அவரிடம் கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராக, இருந்த வில்லியம் ரென்க்விஸ்ட் எழுதிய குறிப்பு, ப்ளெஸ்ஸி சரி, அதையே உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 1971-ல் ரென்க்விஸ்ட் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது குறிப்பு வெளியே வந்தது. அது என் கருத்து இல்லை, ஜாக்சனின் அப்போதைய கருத்தைத்தான் எழுதினேன் என்றார். ஜாக்சனின் செயலாளராக இருந்த எல்சி டக்ளஸ், இது அவர் மேல் போடும் பழி என்று மறுத்தார்.

என் பார்வையில் டக்ளஸ் பக்கம்தான் நியாயம், ஏனென்றால் குறிப்பில் 'நான்' என்று வருவது கிளார்க்கின் குரல், நீதிபதிக்கு யோசனை சொல்கிற தொனி. அதே சமயம் ஜாக்சனுக்குத் தயக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இனப் பிரிவினை தப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அதை நீதிமன்றம் சட்டப்படி எந்தக் காரணம் சொல்லி ஒழிப்பது என்பதில்தான் குழப்பம், தனியாக ஒரு கருத்துரை எழுதிப் பார்த்து வெளியிடாமலே வைத்துவிட்டார்.

ஜேம்ஸ்டவுனில் ஜாக்சன் மையத்தை 2003 மே மாதம் அர்ப்பணித்தபோது வந்து பேசியவர் யார் என்றும் கேட்பார்கள். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த அதே ரென்க்விஸ்ட்தான்.